பேராசிரியர் கை தூக்கிய நாள்

படித்தவர்கள் ஆட்சிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே இப்ராஹிம் கம்பாரியின் ஞாபகம் வந்துவிடுகிறது. டீக்கடையில், கல்யாணப் பந்தியில், தேர்தல் நேரத்து வாட்ஸ்அப் குழுக்களில் என்று எங்கே பேசினாலும் யாரும் மறுக்காத கருத்து இது. மறுத்தால் "அப்போ படிக்காதவன் வரட்டும்கிறியா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஒரு நண்பர் என்னிடம் அப்படித்தான் கேட்டார். அங்கே நின்றுகொண்டு ஒரு நைஜீரியப் பேராசிரியரின் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது? "சரி, விடுங்க" என்று வந்துவிட்டேன். விடத்தான் முடியவில்லை.

இந்த மனிதரிடம் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைப் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு நம்மில் பலர் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் எப்படித்தான் இயங்குகிறது என்று தேடித் தேடிப் படித்தோம். அப்படித் தேடுகிறவர் யாரானாலும் கடைசியில் டுட்சி இன மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட ருவாண்டாவில் போய் முட்டிக்கொள்வார். 1994 ஏப்ரலில் அந்த அரைவட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யார், யார் என்ன சொன்னார்கள் என்று பார்த்துக்கொண்டே போனபோது நைஜீரியாவின் தூதராக இவர் பெயர் வந்தது. மற்ற பெயர்களைக் கடந்து போக முடிந்தது. இவரைக் கடக்க முடியவில்லை. காரணம், சர்வதேச உறவுகள் என்ற பாடத்தையே சொல்லிக்கொடுத்தவர் அந்த நாற்காலியில் இருந்தார்.

1944இல் இலோரின் நகரத்து அமீர் குடும்பத்தில் பிறந்தவர். லாகோஸ் கிங்ஸ் கல்லூரி, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம். நியூயார்க்கிலும் ஆல்பனியிலும் பாடம் நடத்தினார். 1977இல் ஊர் திரும்பி ஜாரியாவில் உள்ள அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சர்வதேச உறவுகளை இளங்கலைப் பட்டப்படிப்பாக நைஜீரியாவில் முதலில் தொடங்கியது அங்கேதான், அதைத் தொடங்கியவரும் இவர்தான். 1983இல் நைஜீரிய சர்வதேச விவகார நிறுவனத்தின் தலைமை இயக்குநர். அந்த வருடக் கடைசி நாளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெனரல் முகம்மது புகாரி தன் வெளியுறவு அமைச்சராக யாரைக் கூப்பிட்டார் என்று சொல்லத் தேவையில்லை. வயது நாற்பதைத் தொட்டிருக்கவில்லை.

வட்டங்களும் எல்லைகளும்

கம்பாரியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கோட்பாடு ஒன்று உண்டு. நைஜீரியாவின் நலன்களை ஒன்றைச் சுற்றி ஒன்றாக வரைந்த வட்டங்களாகப் பார்க்க வேண்டும் என்றார். நடு வட்டத்தில் நைஜீரியாவும் அதை ஒட்டிய பெனின், நைஜர், சாட், கேமரூன் ஆகிய நாடுகளும். அதற்கு வெளியே மேற்கு ஆப்பிரிக்கா. அதற்கும் வெளியே ஆப்பிரிக்கக் கண்டம். கடைசி வட்டத்தில்தான் மற்ற உலகம். தென்னாப்பிரிக்க விடுதலைக்குக் கொடுத்த குரலையும் பணத்தையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டைக் கவனிக்காமல் விட்ட ஒரு வெளியுறவுக் கொள்கையைத் திருத்தும் முயற்சி அது. படிக்கும்போது எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சரி, நடந்தது என்ன? 1984இல் புகாரி அரசு நைரா நோட்டுகளை மாற்றியது. நோட்டு மாற்றம் என்றால் என்ன பாடு என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளியே போன பணம் உள்ளே வராமல் தடுக்கவும், கடத்தலை நிறுத்தவும் தரைவழி எல்லைகளை மூடினார்கள். மூடிய கதவு மூடியபடியே இருந்தது; 1986இல் அடுத்த ஆட்சிதான் திறந்தது. 1985இல், எண்ணெய் விலைச் சரிவில் பொருளாதாரம் ஆட்டம் கண்டபோது, அனுமதியின்றித் தங்கியிருந்த வெளிநாட்டினரை வெளியேறச் சொன்னார்கள். லட்சக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். அவர்களில் கானா நாட்டவர்கள் மிக அதிகம். இப்படி ஒரு வெளியேற்றத்தை அதற்கு முன் 1983இல் முந்தைய ஆட்சியும் செய்திருந்தது. அண்டை நாடுகளே முதல் வட்டம் என்றவர் வெளியுறவு அமைச்சராக இருந்த காலத்தில்தான் அந்த வட்டத்தைச் சுற்றிக் கதவு போட்டார்கள்.

டிக்கோ விவகாரம் இன்னும் விசித்திரம். உமாரு டிக்கோ முந்தைய ஆட்சியின் போக்குவரத்து அமைச்சர். ஊழல் குற்றச்சாட்டுகளோடு லண்டனுக்குத் தப்பியவர். 1984 ஜூலை 5 அன்று பட்டப்பகலில் அவரைக் கடத்தி, மயக்க ஊசி போட்டு, மரப்பெட்டிக்குள் வைத்து ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் அவர் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள ஓர் இஸ்ரேலிய மயக்க மருத்துவர் கூடவே உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெட்டியில் இன்னும் இரண்டு பேர். பெட்டிகளை ஏற்றிக்கொள்ள நைஜீரிய ஏர்வேஸின் சரக்கு விமானம் காத்திருந்தது. தூதரகப் பொதிக்கு உரிய முத்திரையும் காகிதங்களும் முறையாக இல்லை என்பதைச் சுங்க அதிகாரி ஒருவர் கவனித்ததால் பெட்டி திறக்கப்பட்டது. மூன்று இஸ்ரேலியர்களுக்கும் ஒரு நைஜீரியருக்கும் 10 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை. நைஜீரிய அரசு தனக்குத் தொடர்பே இல்லை என்றது. பெட்டியின் மேல் எழுதியிருந்த முகவரி: வெளியுறவு அமைச்சகம், லாகோஸ்.

கடத்தலுக்குத் திட்டம் போட்டது கம்பாரி என்று நான் சொல்லவில்லை, எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. ராணுவ ஆட்சியில் இப்படிப்பட்ட வேலைகள் வேறு அறைகளில் முடிவாகும். ஆனால் பெட்டி உடைபட்ட மறுநாளிலிருந்து பிரிட்டனோடு முறிந்த உறவை நேர்செய்யும் வேலை யார் தலையில் விழுந்திருக்கும்? ஒருவரை அமைச்சராக்குவது அவருடைய அறிவுக்காக என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அவருடைய முகத்துக்காகவும் ஆங்கிலத்துக்காகவும்தான்.

பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. 1984 நவம்பரில் நைஜீரியா, மொராக்கோ தனது என்று சொல்லும் மேற்கு சஹாராவின் சஹ்ராவி குடியரசை அங்கீகரித்தது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பில் மொராக்கோவின் மிரட்டலுக்கு நடுவில் எடுத்த முடிவு அது. மொராக்கோ கோபித்துக்கொண்டு அமைப்பை விட்டே வெளியேறியது. 1985 ஆகஸ்டில் ஜெனரல் பபாங்கிடா ஆட்சியைக் கவிழ்த்தபோது கம்பாரி வெளியே. அவர் இடத்துக்கு வந்த போலாஜி அகின்யெமியும் பேராசிரியர், அதே சர்வதேச விவகார நிறுவனத்தின் முன்னாள் தலைவர்! ஜெனரல்கள் மாறினாலும் நாற்காலிக்கு ஒரு பேராசிரியர் தேவைப்பட்டார்.

அப்புறம் கம்பாரி செய்த காரியம் எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவுக்குப் போய் மறுபடி பாடம் நடத்தினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஜார்ஜ்டவுன், ஹோவர்டு. தன் அமைச்சர் காலத்தையும் அதைச் சுற்றிய வருடங்களையும் கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் நடுவில் வைத்து 1989இல் ஒரு புத்தகம் எழுதினார். இந்த விவரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பதவி போனால் அவருக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது.

1994 ஏப்ரல்

1990இல் ஐ.நா.வுக்கான நைஜீரியத் தூதரானார். கூடவே ஐ.நா.வின் நிறவெறி எதிர்ப்புச் சிறப்புக் குழுவுக்கும் தலைவர். மண்டேலா சிறையிலிருந்து வந்த வருடம் அது. அந்தக் குழுவின் கடைசித் தலைவர் இவர்தான். குழு கலைந்ததற்குக் காரணம் தோல்வி இல்லை, வேலை முடிந்துவிட்டது. ஒரு தூதரின் வாழ்க்கையில் இப்படி அமைவது அபூர்வம். 1994 ஏப்ரல் 26 முதல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் வரிசையில் நின்று முதல் முறையாக வாக்களித்தார்கள்.

அதே ஏப்ரலில், அதே கண்டத்தில், இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் நைஜீரியா பாதுகாப்பு கவுன்சிலின் தற்காலிக உறுப்பினரானது. அதே நாளில் உறுப்பினரான இன்னொரு நாடு ருவாண்டா. அதாவது படுகொலையை நடத்திய அரசின் பிரதிநிதி, படுகொலை பற்றி விவாதித்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் 6 இரவு ருவாண்டா ஜனாதிபதி ஹப்யாரிமனாவின் விமானம் வீழ்த்தப்பட்டது. மறுநாள் பிரதமர் உவிலிங்கியிமானாவைக் காக்கப் போன, அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையின் பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திரும்பப் பெற்றது. தான் மட்டும் ஓடியதாகத் தெரியக் கூடாது என்று மற்றவர்களையும் கிளம்பச் சொன்னது. சோமாலியாவில் முந்தைய அக்டோபரில் 18 வீரர்களை இழந்திருந்த அமெரிக்காவுக்கு இன்னொரு ஆப்பிரிக்க நாட்டின் பெயரைக் கேட்கவே விருப்பமில்லை. ஏப்ரல் மத்தியில் மூடிய கதவுக்குள் நடந்த ஆலோசனையில் முழு விலகலே வேண்டும் என்றது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 13 அன்று, அணிசேரா நாடுகளின் சார்பில் நைஜீரியா ஒரு வரைவைச் சுற்றுக்கு விட்டது. இருக்கிற 2,500 பேர் கொண்ட படையைக் குறைக்காதீர்கள், பலப்படுத்துங்கள், பொதுமக்களைக் காக்கும் அதிகாரம் கொடுங்கள் என்பது அதன் சாரம். அந்த மேசையில் அந்த வாரத்தில் வைக்கப்பட்ட ஒரே சரியான காகிதம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதை எழுதிய தூதரகத்தின் தலைமையில் இருந்தவர் ஒரு பேராசிரியர் என்பது தற்செயல் இல்லை. நடு வட்டத்துக்கு வெளியே, மூன்றாவது வட்டத்தில் என்ன நடந்தாலும் நைஜீரியாவுக்கு அதில் பொறுப்பு உண்டு என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த நாட்களில் கவுன்சில் போஸ்னியாவின் கோராஸ்டேக்கு மணிக்கணக்கில் நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தது. உலகத்தின் மனசாட்சி வரைபடத்திலிருந்து ஆப்பிரிக்கா விழுந்துவிட்டதா என்ற பொருளில் அவர் கேட்ட கேள்வியைப் பின்னாளில் பலரும் எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

வரைவுக்கு ஆதரவு சேரவில்லை. படை அனுப்பக்கூடிய நாடுகள் வாய் திறக்கவில்லை, வீட்டோ வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே இல்லை. நைஜீரியா அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிட்டது. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலி மூன்று வழிகளை முன்வைத்தார்: படையைப் பெருமளவில் பெருக்குவது, 270 பேராகக் குறைத்துச் சமரசப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்வது, மொத்தமாக வெளியேறுவது. ஏப்ரல் 21 அன்று நடு வழியை ஏற்கும் 912ஆம் தீர்மானம் வந்தது. பதினைந்து கைகள் உயர்ந்தன. ருவாண்டாவின் கை, பிரிட்டனின் கை, அமெரிக்காவின் கை. கம்பாரியின் கையும்.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று மேசையில் இருந்த உண்மையான போட்டி 270க்கும் பூஜ்ஜியத்துக்கும் நடுவில்தான். எதிர்த்து வாக்களித்திருந்தால் 14க்கு 1 என்று தீர்மானம் நிறைவேறியிருக்கும். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியின் சாலைத் தடுப்புகளில் ஓர் உயிர்கூடக் கூடுதலாகப் பிழைத்திருக்காது. பாதுகாப்பு கவுன்சிலில் நிஜமான பேரம் மூடிய ஆலோசனை அறையில் நடக்கிறது. பொது அரங்கில் கை தூக்குவது சடங்கு. எல்லாம் சரி. ஆனாலும் அந்த 15 என்ற எண் தரும் உறுத்தல் குறையவில்லை. ஒரே ஒரு கை மேசையிலேயே கிடந்திருந்தால், ஓர் ஆப்பிரிக்க நாடு ஒப்புக்கொள்ளவில்லை என்று பதிவாகியிருக்கும். "எல்லோரும் சேர்ந்துதானே முடிவெடுத்தோம்" என்று வல்லரசுகள் பிற்பாடு பொறுப்பைப் பங்கு போட்டுக்கொள்ள அவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பது அவருக்குத் தெரியாத வித்தையா? இரண்டு மாதம் கழித்து, ஜூன் 22 அன்று, பிரான்ஸ் தன் படையை ருவாண்டாவுக்கு அனுப்ப அனுமதி கேட்ட 929ஆம் தீர்மானத்தில் நைஜீரியா வாக்களிக்காமல் இருந்தது. பிரேசில், சீனா, நியூசிலாந்து, பாகிஸ்தான் ஆகியவையும் அப்படியே. 10 வாக்குகளோடு தீர்மானம் பிழைத்தது. பிரான்ஸின் உள்நோக்கத்தைச் சந்தேகிக்க நியாயமான காரணங்கள் இருந்தன. அந்தச் சந்தேகத்தைப் பதிவு செய்ய முடிந்த கைக்கு ஏப்ரலில் முடியவில்லை. பேராசிரியர் கம்பாரி தன் மாணவர்களுக்கு இந்த இரண்டு வாக்குகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், தூதர் கம்பாரிக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

270 பேர் என்று கவுன்சில் சொன்னாலும் களத்தில் அதைவிட அதிகமானவர்களை நிறுத்திக்கொண்டார்கள் தளபதி ரோமியோ டலேரும் அவருடைய துணைத் தளபதி ஹென்றி அன்யிடோஹோவும். அன்யிடோஹோ கானாக்காரர். எஞ்சி நின்ற படையின் முதுகெலும்பும் கானா வீரர்கள்தான். ஆயிரக்கணக்கானவர்கள் அவர்கள் நிழலில் உயிர் பிழைத்தார்கள். ஒன்பது வருடம் முன்பு லாகோஸிலிருந்து மூட்டை கட்டி அனுப்பப்பட்டவர்களின் நாடு.

யாருடைய தூதர்?

உலகத்தின் மனசாட்சியைக் கேள்வி கேட்ட அந்த ஏப்ரலில் கம்பாரி யாருடைய தூதர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1993 ஜூன் 12 தேர்தலை ராணுவம் ரத்து செய்தது. நவம்பரில் சானி அபாச்சா நாட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். 1995 நவம்பர் 10 அன்று எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் ஓகோனி இனத்தவர் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டார்கள். நைஜர் டெல்டாவில் எண்ணெய் நிறுவனங்கள் நிலத்தையும் நீரையும் நாசமாக்கியதை எதிர்த்தவர்கள். ஆக்லாந்தில் காமன்வெல்த் மாநாடு நடந்துகொண்டிருந்தது. மறுநாளே நைஜீரியாவை இடைநீக்கம் செய்தார்கள். நியூயார்க்கில் அந்த அரசுக்காகப் பேச வேண்டிய நாற்காலியில் கம்பாரி இருந்தார். பேசவும் செய்தார்.

பபாங்கிடா, ஷோனேகான், அபாச்சா, அப்துல்சலாமி, ஒபசாஞ்சோ. ஐந்து ஆட்சித் தலைவர்களுக்கு ஒரே தூதர். இதை அவருடைய திறமைக்குச் சான்றாகவே பலரும் எழுதுகிறார்கள். திறமை இல்லை என்று யார் சொன்னது? ஒரு சாதாரணத் தூதரக அதிகாரி அபாச்சாவின் காலத்தில் ராஜினாமா செய்யவில்லை என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவருக்குப் பென்ஷன் இருக்கும், வீட்டு வாடகை இருக்கும், போக வேறு கதவு இருக்காது. கம்பாரிக்கு இருந்தது. 1985இல் பதவி போனபோது மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கதவு திறந்து வைத்தன. படித்தவர் ஆட்சிக்குள் போவதில் எனக்குத் தெரியும் ஒரே நிஜமான லாபம் இதுதான்: "நான் வரேன், வேலையைப் பாத்துக்கங்க" என்று எழுந்து வர அவரால் முடியும். அந்த ஒன்றைத்தான் அவர் பயன்படுத்தவில்லை.

1999இல் ஐ.நா.வுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார். ஆப்பிரிக்காவுக்கான சிறப்பு ஆலோசகர், அங்கோலா, அரசியல் விவகாரங்களுக்கான துணைப் பொதுச்செயலாளர், கடைசியில் சூடானின் டார்ஃபூர் அமைதிப்படையின் தலைமை. மியான்மர் மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2007இல் பிக்குகள் தெருவுக்கு வந்து ராணுவம் சுட்ட பிறகு கம்பாரி அங்கே போய் ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயையும் எதிர்க்கட்சித் தலைவி ஆங் சான் சூகியையும் சந்தித்தார். நவம்பரில் மறுபடி போனபோது, அவர் வந்து இறங்குவதற்குச் சற்று முன்னால், அங்கிருந்த ஐ.நா. ஒருங்கிணைப்பாளர் சார்ல்ஸ் பெட்ரியை நாட்டை விட்டுப் போகச் சொன்னது ராணுவ அரசு. மக்கள் வறுமையில் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னதுதான் பெட்ரி செய்த குற்றம். கம்பாரி பேச்சைத் தொடர்ந்தார். 2008 ஆகஸ்டில் போனபோது சூகி அவரைப் பார்க்கவே வரவில்லை.

பெட்ரியின் பெயர் நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் ஐ.நா. எப்படித் தவறியது என்று 2012இல் அந்த உள் அறிக்கையைத் தந்தவர் அவரேதான். 1994இல் ருவாண்டாவிலும் வேலை செய்தவர். ஒரே அமைப்புக்குள் ஒருவர் பேசியதற்காக வெளியே அனுப்பப்படுகிறார், இன்னொருவர் பேச்சுவார்த்தைக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று எதையும் உடைக்காமல் நடக்கிறார். இரண்டாவது வகை ஆட்களும் தேவைதான் என்று வாதாடலாம். சூகி ஏன் கதவைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாதாட வேண்டும்.

2020 மே மாதம், 75 வயதில், கம்பாரி அபுஜாவின் ஜனாதிபதி மாளிகைக்குத் திரும்பினார். ஜனாதிபதியின் முந்தைய தலைமைப் பணியாளர் அப்பா கியாரி கொரோனாவில் இறந்துபோனதால் அந்த இடம். கூப்பிட்டவர் அதே முகம்மது புகாரி, இந்த முறை தேர்தலில் வென்றவர். கம்பாரி உள்ளே நுழைந்தபோது நைஜீரியாவின் தரைவழி எல்லைகள் மறுபடியும் மூடிக் கிடந்தன. அரிசிக் கடத்தலைத் தடுக்க என்று 2019 ஆகஸ்டில் புகாரி மூடியவை. பெனின், நைஜர் வியாபாரிகள் மாதக்கணக்கில் லாரிகளோடு காத்துக் கிடந்தார்கள். 2020 டிசம்பரில் செமே, இல்லேலா, மைகடாரி, இம்ஃபும் ஆகிய நான்கு எல்லைகளைத்தான் முதலில் திறந்தார்கள். கம்பாரி 2023 மே வரை, புகாரியின் ஆட்சிக் காலம் முடியும்வரை, பதவியில் இருந்தார்.